செம்மறியாடு பார்க்க ஸ்காட்லாந்தா?

திருச்செங்கோடு,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கை யுவஸ்ரீக்கு,

அண்ணன் கதிர்வேல் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். இதற்குக் கீழே எழுதப்போவதில் நல்ல வார்த்தை அதிகம் இருக்காது என்பதால் இதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன்.

போனில் பேசலாமே என்பாய். நேற்றுப் பேசினோமே, என்ன ஆயிற்று? நான் கத்தினேன், நீ அழுதாய். வெண்ணிலா நடுவில் முகத்தை நீட்டி, மாமா ஏன் கத்தறாங்க என்று கேட்டாள். நீ போனை வைத்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலால் தட்டினால் என் கோபம் பாதிதான் உனக்கு வந்து சேரும். அதனால் பட்டறை நோட்டில் தாள் கிழித்துப் பேனாவால் எழுதுகிறேன். உன் அண்ணி அமுதவல்லி போட்டோ எடுத்து அனுப்புவாள். திட்டியிருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

தை மாதம் நீதானே சொன்னாய்? உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் ஜூலையில் வருகிறோம், ஆனி முடிவதற்குள் நம் கோயிலில் வெண்ணிலாவுக்கும் தமிழரசுக்கும் முடி இறக்கிக் காது குத்திவிடலாம் என்று சொன்னது நீ. நான் கேட்கவே இல்லை. நீ சொன்னதும் அப்பா பூசாரியைப் பார்த்துவிட்டு வந்தார். ஆட்டையாம்பட்டியில் முறுக்குக்குச் சொல்லியாயிற்று. மேச்சேரிக்கு ஆள் அனுப்பிக் கிடா வாங்கித் தோட்டத்தில் கட்டியிருக்கிறோம். ஆசாரியிடம் இரண்டு ஜோடித் தங்கக் கம்பி அடிக்கச் சொல்லி, முனை கூராக இருக்கிறதா என்று என் காது மடலிலேயே வைத்துப் பார்த்தேன். அமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு இருப்பது ஒரே தங்கை. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். வெண்ணிலா ஒன்றாம் வகுப்புக்கே போய்விட்டாள், இன்னும் கொஞ்ச நாள் போனால் என் மடியில் அவள் எங்கே உட்காருவாள்?

இத்தனையும் ஆன பிறகு நீ ஒரு போட்டோ அனுப்புகிறாய். கோயிலுக்கு வரவில்லை அண்ணா, அதே வாரத்தில் ஸ்காட்லாந்து மலைப் பக்கம் ஒரு பண்ணை வீடு எடுத்திருக்கிறோம், அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு நீங்கள் எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள், குழந்தைகளோடு ஒரு வாரம் இருக்கலாம் என்கிறாய். என்னமோ கொல்லிமலைக்கு வேன் பிடித்து வரச் சொல்கிற மாதிரி!

நீங்கள் இருப்பதே கிளாஸ்கோ. அதுவே ஸ்காட்லாந்துதானே? அங்கிருந்து இன்னும் பாதி நாள் காரில் போய்ப் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று செழியனைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவன் உன் மருமகன் இல்லையா, அத்தை அனுப்பியது என்றதும் உற்சாகமாகப் படித்தான். கல் வீடு. பின்னால் மலை, முன்னால் ஏரி, நான்கு பக்கமும் புல். பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. கடைக்குப் போக வேண்டுமானால் மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போன் டவர் கிடைக்காது. அதை ஒரு பெருமையாக வேறு எழுதியிருக்கிறார்கள்! வழியெல்லாம் ஒரே ஒரு வண்டி போகிற ரோடு. எதிரில் வண்டி வந்தால் ஒதுங்கி நிற்பதற்கு அங்கங்கே இடம் விட்டிருக்கிறார்களாம். போர் போடுகிற ரிக் வண்டியை ராஜஸ்தான் வரைக்கும் ஓட்டியவன் நான், எனக்கு ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தமிழரசு சங்ககிரி போவதற்குள் வாந்தி எடுக்கிறவன். அவனை அந்த வளைவுகளில் எப்படிக் கூட்டிப் போவாய்?

அதற்கு மேல் படித்ததுதான் வயிற்றெரிச்சல். குழந்தைகள் பண்ணையில் செம்மறிக்குத் தீனி போடலாம். கோழி முட்டையை அவர்களே கூடையில் எடுக்கலாம். மாட்டைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஏன் கண்ணு, மாடு பார்க்க ஸ்காட்லாந்தா? நம் தோட்டத்தில் கட்டியிருப்பது என்ன, குதிரையா? செம்மறிக்கு மேச்சேரியை விட்டால் வேறு ஊர் உண்டா? கோழி முட்டையை எடுத்துப் பார்க்க நாமக்கல் ஜில்லாவிலிருந்து ஏரோப்ளேன் ஏறி வருகிறோம் என்று விசா ஆபீசில் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? நெற்றி முடி கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும் அந்த மாட்டின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "ஏஞ்சாமி, அந்த மாட்டுக்கு முடிய வெட்டி உட ஒரு ஆளு இல்லியா?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

தண்ணீர் விஷயத்தை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. மலை ஓடையிலிருந்து குழாய் போட்டு வருகிற தண்ணீர், டீ மாதிரி பழுப்பாக இருக்கும், குடிக்கலாம், பயப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. நம் அப்பா ஆயுசு முழுக்கப் பாறையை உடைத்து ஊராருக்குத் தெளிந்த தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர். அவர் பேத்தி பழுப்புத் தண்ணீர் குடிக்க வேண்டுமா? ஜூலையிலும் மழை. மழை விட்டால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கூட்டமாக வந்து கடிக்கும். ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும் என்றால் பிள்ளைகளை எதைச் சொல்லித் தூங்க வைப்பாய்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ வரவில்லை என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். வீட்டைப் பிளந்துவிடுவார் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவரோ, "செரி, உடு" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா விளக்கி வைத்த பாத்திரத்தையே மறுபடியும் விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபப்பட வேண்டிய இரண்டு பேரும் சும்மா இருக்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்து நான் ஒருவனே கத்திக்கொண்டிருக்கிறேன்.

அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து சேர். உன் வேலை, மாப்பிள்ளையின் ஆஸ்பத்திரி வேலை எல்லாம் எனக்குத் தெரியும். கிடைக்கிற ஒரு லீவையும் மலைக்காட்டில் மழையைப் பார்த்துக்கொண்டு கழிப்பேன் என்றால், அண்ணன் என்று ஒருவன் எதற்கு?

குழந்தைகளுக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. உனக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

கோபத்தோடு,
அண்ணன் கதிர்வேல்

*

திருச்செங்கோடு,
சித்திரை பிறந்த மறுநாள்.

அன்புள்ள யுவா,

நான் அத்தனை பக்கம் எழுதினேன். நீ ஒரே ஒரு வரி அனுப்பினாய். மாசி மாதம் அப்பா எனக்குப் போன் செய்து என்ன சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள் அண்ணா என்று.

கேட்டேன். நேற்று வருசப் பிறப்பு. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். இலையில் பூரணம் நிறைந்த ஒப்பிட்டு இருந்தது. நான் கேட்டதும் அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்க்காமல் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"குழந்தைங்களக் கூட்டிக்கிட்டு நீ வா அம்முணின்னு சொன்னேன். அவரு அவங்க ஊரு மேட்டூர்லயே இருந்துக்கட்டும், பங்காளிங்க நாலு பேரு வருவாங்க, எதுக்கு வீண்பேச்சு, விசேசம் முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போகட்டும்னு சொன்னேன். அதுல என்னடா தப்பு?"

என்ன தப்பா? பெற்ற தகப்பன் மேட்டூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் பெற்ற பிள்ளைகளுக்கு இங்கே மேளம் கொட்டிக் காது குத்த வேண்டும். முடிந்ததும் அவன் வந்து, பட்டறையில் விட்ட வண்டியை எடுத்துப் போகிற மாதிரி, பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் எடுத்துப் போக வேண்டும். இதைச் சொல்வதற்கு வாய் எப்படி வந்தது என்று கேட்டேன். அப்பாவிடம் இப்படி நான் பேசியதே கிடையாது. கேட்டுவிட்டேன்.

அப்பா ஆப்பிரிக்காவில் ரிக் ஓட்டியபோது நடந்த கதைகளைச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்? எந்த ஊர்க்காரன், என்ன சாமி கும்பிடுகிறவன் என்று பார்க்காமல் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டோம், அவர்கள் வீட்டிலேயே படுத்துத் தூங்கினோம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்! காய்ச்சலில் கிடந்தபோது யாரோ ஒரு அம்மாள் கஞ்சி ஊட்டினாள் என்று சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். அத்தனை பெரிய மனது மேட்டூர் வரைக்கும் வராதா? காவேரி அணை தாண்டக் கூட வேண்டாம், இந்தப் பக்கம்தானே இருக்கிறது! அதையும் கேட்டேன்.

அப்போதுதான் அம்மா பேசினாள். நம் அம்மா, யுவா! சௌந்திரம் என்று ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாளா என்றே வெளியாளுக்குத் தெரியாது. ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே அப்பாவிடம் சொன்னாள்: "ஏனுங்க, கொலசாமி அப்பன் வழியில வர்றதுங்க. அந்தக் குழந்தைங்களுக்கு மேட்டூரு முனியப்பந்தான் சாமி. நம்ம கோயல்ல முடி எறக்கறதே மொறையில்லீங்க. மொறை தெரிஞ்ச பங்காளிங்க ஒருத்தருகூடவா அதைச் சொல்லல?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. பிள்ளை அப்பன் வீட்டுச் சாமிக்கு, மடி மட்டும்தான் மாமனுக்கு. இது நம் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். முறை, முறை என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிற இத்தனை பெரியவர்களும் சேர்ந்து, வேறு சாதி என்று மாப்பிள்ளையைத் தள்ளி வைக்கிற அவசரத்தில், அவர் பிள்ளைகளை முறை தவறி வேறு வழிச் சாமிக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நீ ஏதோ ஆசையில் கேட்டாய், பூசாரியும் சரி என்றிருக்கிறார். கிடாயும் வந்துவிட்டது. நானும் தங்கக் கம்பியைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். என்னிடம் ஏன் மறைத்தாய்? அண்ணனும் அப்பாவும் என்னால் முகம் முறிக்க வேண்டாம் என்று நினைத்தாயாம். இதை எனக்குச் சொன்னது அமுதவல்லி. அவளுக்கு மாசியிலிருந்தே தெரியுமாம்! செழியனுக்குக்கூட ஏதோ தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் விஷயம் தெரியாமல் அலைந்தது நானும் அந்தக் கிடாயும்தான்.

அமுதவல்லி இன்னொன்றும் சொன்னாள். அது என்னைத் தூங்க விடவில்லை. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை ஒரே ஒரு முறை உன்னோடு நம் வீட்டுக்கு வந்தாராமே? நான் அப்போது சத்தீஸ்கரில் வண்டியோடு இருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து நின்றாராம். உள்ளே இத்தனை பேர் இருந்தும் ஒருவர் வாயிலிருந்தும் "வாங்க" என்று வரவில்லையாம். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, யுவா, நான் வண்டியில் இருக்கிறேன் என்று திரும்பிப் போனாராம். கரண்டு பில் எழுத வருகிறவனுக்குக்கூட வாங்க சொல்கிற ஊர் இது. மோர் குடிக்கிறீங்களா என்று அவனைக் கேட்கிறோம். நம் வீட்டு மாப்பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டது. இத்தனை வருசத்தில் இதை அவர் என்னிடம் ஒரு குறையாகக்கூடச் சொன்னதில்லை. ஒவ்வொரு முறை போனிலும், மச்சான் நல்லா இருக்கீங்களா என்றுதான் தொடங்குவார்.

இப்போது அந்தக் கல் வீடு எதற்கு என்று எனக்குப் புரிகிறது. யாருக்கும் சொந்தமில்லாத வீடு. பங்காளி இல்லாத ஊர். அங்கேயாவது எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அதற்கு ஏன் செம்மறியாட்டைக் காரணம் சொன்னாய்? நேராகச் சொல்லியிருந்தால் அந்த மாட்டைப் பற்றி இத்தனை பேச்சு நான் பேசியிருக்க மாட்டேன்.

அப்படியானால் மேட்டூரிலேயே வைத்துக்கொள்ளலாம், நான் வந்து மடி கொடுக்கிறேன் என்று நேற்றே உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ பதில் அனுப்பியிருக்கிறாய்: "அத்தனை தூரம் பறந்து வந்து, மேட்டூரில் பஸ் ஏறினால் வந்துவிடுகிற நான் பிறந்த வீட்டுக்குப் போகாமல் திரும்ப என்னால் முடியாது அண்ணா." அதைப் படித்துவிட்டுப் பட்டறையில் கம்ப்ரஸருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கண்ணில் தூசி விழுந்தது என்று பையன்களிடம் சொன்னேன்.

அதனால் வருகிறோம். நான், அமுதவல்லி, செழியன், அம்மா நான்கு பேரும். பூசாரியிடம் போய் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பங்காளிகளுக்கு என்ன பதில் சொல்வது என்று அப்பா கவலைப்படட்டும், அது அவர் பாடு. முடி முனியப்பனுக்கே இருக்கட்டும், எப்போது ஊருக்கு வந்தாலும் மேட்டூரில் இறக்கிக்கொள்ளலாம், காது மட்டும் மாமன் மடி இருக்கிற இடத்தில் குத்தட்டும் என்று உன் மாமியார் சின்னாயி சொன்னார்களாமே! அந்த அம்மாளுக்கு இருக்கிற நியாயம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு என் கும்பிடு.

ஆனால் ஒன்று. கிளாஸ்கோவில் கடைத்தெருவில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்துக் காது குத்துவார்கள் என்று எழுதியிருக்கிறாய். என் மடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை காதில் யாராவது துப்பாக்கியை வைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். ஆசாரி அடித்த கம்பி என் பையில் வரும். மாப்பிள்ளையே குத்தட்டும். தினமும் ஆஸ்பத்திரியில் ஊசி பிடிக்கிற கை. எதை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். என் மடி, அவர் கை. இதில் எந்தப் பங்காளிக்கும் வேலை இல்லை.

என் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நீதானே என் பக்கத்தில் நின்றாய்? கூறைச்சேலையின் ஒரு தலைப்பை நான் பிடித்திருந்தேன், மறு தலைப்பு உன் கையில் இருந்தது. நான் இன்னும் விடவில்லை. நீயும் விட்டுவிடாதே.

அன்புடன், இன்னும் தீராத கோபத்துடன்,
அண்ணன்

*

திருச்செங்கோடு,
வைகாசிக் கடைசி.

அன்புள்ள யுவாவுக்கும் மாப்பிள்ளை அறிவழகனுக்கும்,

இந்த முறை இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ பிடிக்கிற இடத்தில் சிரிக்கக் கூடாது என்றதும்தான் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பையன் திரும்பத் திரும்ப எடுத்தான். சென்னையில் கைரேகை வைக்கப் போனபோது, எதற்குப் போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். ஒருவரும் கேட்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

திட்டத்தைப் பற்றி என் ஆட்சேபணைகள் அப்படியே இருக்கின்றன. ஏரி அத்தனை பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தமிழரசுவைத் தனியாக வாசலுக்கு விடக் கூடாது. மழைக்கோட்டு வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாய், சரி. மாட்டுப் பக்கம் போகும்போது சிவப்புக் கோட்டுப் போட வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள். அடுப்பில் விறகு எரிப்பார்களாமே, அதில் ஈரத் துணி காயுமா? அரிசியும் பருப்பும் நாங்கள் கொண்டு வருகிறோம். அரிசிம்பருப்பு சாதம் ஒன்று போதும், ஒரு வாரம் ஓட்டிவிடலாம். மாப்பிள்ளைதான் சமைப்பார் என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து அமுதவல்லி என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

கிடா தோட்டத்தில் கொழுத்துக்கொண்டிருக்கிறது. உன் திட்டத்தால் இதுவரை லாபம் அடைந்தது அது ஒன்றுதான்.

இனி அப்பா விஷயம்.

சித்திரையிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சாப்பாட்டைக்கூட நாங்கள் எழுந்த பிறகுதான் வந்து சாப்பிட்டார். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் செழியன் அந்த வீட்டுப் படங்களை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அப்பா தள்ளி உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரைத் தாழ்த்தாமலேயே கேட்டார்: "ஏண்டா, அந்த ஊட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

ஓடைத் தண்ணி தாத்தா, பழுப்பா இருக்குமாம் என்று செழியன் சொன்னான்.

"ஓடையா? போர் போடலியா? கருங்கல்லுப் பாறையாட்டத்தான் தெரியுது, நல்ல தண்ணி உள்ள இருக்குமே. குழந்தைங்க குடிக்கிற தண்ணியில்ல அது?" பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனை வாங்கி, அந்த மலைப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வெண்ணிலாவும் தமிழரசுவும் மழையில் நிற்கிற படமும் அதற்கு அடுத்து இருந்தது. அதையும் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் பட்டறைக்கு வந்தார். பெஞ்சின் மேல் அவர் பாஸ்போர்ட்டை வைத்தார். ஆப்பிரிக்கா போன காலத்திலிருந்து விடாமல் புதுப்பித்துக்கொண்டே வருகிறாரே, அதுதான். பிரித்து வைத்திருந்த கம்ப்ரஸரை எட்டிப் பார்த்துவிட்டு, "ரிங்கு தேஞ்சிருக்குது, மாத்து" என்றார். போய்விட்டார்.

எனக்கு இதில் சந்தோஷம் வந்துவிட்டது என்று நினைக்காதே. பாஸ்போர்ட்டைப் பெஞ்சில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதை எடுத்துக்கொண்டு, அவரையும் கைரேகை வைக்கக் கூட்டிப்போய் விசாவுக்குப் போட்டேன், மகன் என்ற கடமைக்கு. அவசரமாகக் கேட்டு வாங்கியதில் அதுவும் நேற்று வந்துவிட்டது. ஆனால் டிக்கெட் போடவில்லை. போட மாட்டேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். அவரை அழைத்து வரலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய வேண்டியது நானும் இல்லை, அம்மாவும் இல்லை, யுவா, நீயும் இல்லை. மாப்பிள்ளை சொல்லட்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் வேண்டாம்தான். அதற்காக இந்த வீட்டில் ஒருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டோம். அதற்கு நான் பொறுப்பு.

மாப்பிள்ளை, உங்களுக்கு நேராக ஒரு வார்த்தை. எங்கள் வாசலில் உங்களுக்குக் கிடைக்காததை நீங்கள் உங்கள் வாசலில் எங்கள் அப்பாவுக்குத் தர வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஒரு வாரத்துக்கு எடுத்த வீடாக இருந்தாலும் அது உங்கள் வீடு. நீங்கள் "வாங்க" என்று சொன்னால்தான் அவர் உள்ளே வர வேண்டும். சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். இதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். "அவரு கூப்படற வரைக்கும் வெளியதான் நிக்கோணும், மழை பேஞ்சாலும் நிக்கோணும், நாங்க யாரும் பரிஞ்சு பேச மாட்டோம்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "நிக்கறேன்" என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா உள்ளே போய்ப் பரண் மேலிருந்து அவருடைய பழைய கறுப்புக் குடையை எடுத்துத் துடைத்து அவர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நான் பார்த்தேன். மறுபடியும் பரண் மேலேயே போடச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

நீங்கள் இருவரும் பிள்ளைகளோடு நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும். முறைக்காக அல்ல, மனசாரச் சொல்கிறேன். பதிலை மாப்பிள்ளையே எழுதட்டும். ஒரு வரி போதும்.

எப்போதும் உங்கள்,
கதிர்வேல்